முற்றம் நிறைய ஆக்கள்

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை எந்த முற்றத்தில் தவழப் போகிறது என்பது, அது கருவில் உண்டாவதற்கு முன்பே நொத்தாரிசின் கந்தோரில் முடிவாகிவிடும். கலியாணத்தோடு பெண்ணுக்குச் சீதன உறுதி எழுதுவார்கள். வீடும் வளவும் அவள் பெயருக்கு வரும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். வசதியான குடும்பமென்றால் ஒரு மகளுக்குத் தாய்வீடு, மற்றவளுக்குப் பக்கத்துக் காணியில் புதுவீடு. வசதி குறைந்தால் அதே வளவுக்குள் இன்னொரு கொட்டில். தீவகம் என்று நாங்கள் சொல்லும் யாழ்ப்பாணத்துத் தீவுகளில், ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் புங்குடுதீவிலும் நயினாதீவிலும் தலைமுறை தலைமுறையாக நடந்தது இதுதான்.

1707இல், ஒல்லாந்தர் ஆட்சியில், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத்து வழக்கங்களைக் கேட்டு எழுதித் தொகுத்தார். தேசவழமை என்று இன்றுவரை நீதிமன்றங்களில் செல்லுபடியாகும் சட்டத்தின் மூலம் அதுவே. சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரிப்பதே அதன் பெரிய கவலை. பிள்ளை வளர்ப்புக்கான விதிநூலாக அதை யாரும் படிப்பதில்லை. ஆனால் பெண்ணுக்குப் பிறந்த மண்ணிலேயே வீடு கொடுக்கும் வழக்கம், பிள்ளையைச் சுற்றி யார் யார் நிற்பார்கள் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிட்டது. அம்மம்மா, அம்மப்பா, பெரியம்மா, சித்தி, நினைத்த நேரத்தில் சைக்கிளில் வந்திறங்கும் மாமா. தமிழ்நாட்டில் பெரும்பாலான குடும்பங்களில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண், சில மாதங்களில் கைக்குழந்தையோடு புகுந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும். தீவகத்துப் பெண்ணுக்குத் திரும்பிப்போக வேறு வீடு இல்லை. அவள் இருப்பதே தாய்வீடு.

சீதனத்தைப் புகழ இதைச் சொல்லவில்லை. மூன்று பெண்பிள்ளைகளைப் பெற்ற கடற்றொழிலாளி ஒருவரை அந்த வழக்கம் என்ன பாடுபடுத்தியது என்பதைத் தீவகத்தில் அறியாதவர் இல்லை. அந்தக் கொடுமை ஒழிய வேண்டும். ஆனால் அதோடு ஒட்டி வளர்ந்த ஒன்று, பிள்ளையைச் சுற்றிய அந்தக் கைகள், நம் கண்முன்னே காணாமற்போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கடைக்குப் போன தகப்பன்மார்

தீவகத்துத் தகப்பன் பெரும்பாலும் வீட்டில் இருந்ததில்லை. கடற்றொழில் செய்பவர் இரவில் கடலில் நிற்பார். மற்றவர்களில் பெருந்தொகையானோர் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்திருந்தார்கள். சுருட்டுக் கடை, பலசரக்குக் கடை, சாப்பாட்டுக் கடை. புங்குடுதீவார், வேலணையார், காரைநகரார் என்றாலே வியாபாரிகள் என்ற பெயர் அப்படி வந்தது. தைப்பொங்கலுக்கும் கோயில் கொடியேற்றத்துக்கும் ஊருக்கு வருவார்கள். பிள்ளைக்கு உடுப்பும் இனிப்பும் கொண்டுவருவார்கள். திரும்பிப் போய்விடுவார்கள். 1958 கலவரமும் 1983 கலவரமும் அந்தக் கடைகளை எரித்தன. அதற்குப் பிறகு தகப்பன்மாரின் பயணம் கடல் கடந்து நீண்டது.

ஆக, தகப்பன் இல்லாத வீடு தீவகத்துக்குப் புதிதல்ல. அந்த வீட்டில் தாய் தனியாக இருந்ததுதான் இல்லை. பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. அந்த ஒரு மாதமும் பெற்றவள் அடுப்படிக்குப் போகக்கூடாது. மல்லி, மிளகு, நற்சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள், உள்ளி எல்லாம் வைத்துச் சரக்கு அரைப்பது அம்மம்மாவின் வேலை. பால் ஊறுவதற்குப் பால்சுறா வறை. அந்தச் சுறாவைக் கரையில் பார்த்து வாங்கிவர ஒருவர் வேண்டும். இலைகள் அவித்த சுடுதண்ணியில் தாயை முழுக வார்க்க ஒருத்தி வேண்டும். பிள்ளையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, கையையும் காலையும் மடக்கி நீட்டிக் குளிப்பாட்ட அனுபவமுள்ள கிழவி ஒருத்தி வேண்டும். துடக்கைத் தீட்டு என்று விளக்கியவர்கள் உண்டு. பெண்ணைத் தள்ளிவைக்கும் அந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் பெற்றவளுக்கு ஒரு மாதம் ஓய்வும், அவளுக்காக வேலை செய்ய நாலு பேரும் என்ற ஏற்பாடு அதற்குள் இருந்தது.

பல் முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை. தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போல வரிசையாக வைத்து அவித்த கொழுக்கட்டைகளைப் பிள்ளையின் தலையில் கொட்டுவார்கள். சுற்றி நிற்கும் சின்னன்கள் பாய்ந்து பொறுக்கும். பிறகு புத்தகம், பேனை, கத்தி, நகை என்று முன்னால் பரப்பிவைத்து, பிள்ளை எதை எடுக்கிறது என்று ஊரே எட்டிப் பார்க்கும். விஜயதசமிக்கு ஏடு தொடக்குவார்கள், அரிசியில் விரல் பிடித்து எழுதுவிப்பார்கள். கரம்பொனிலும் நாரந்தனையிலும் மெலிஞ்சிமுனையிலும் வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஞானஸ்நானத்தோடு ஞானத்தாயும் ஞானத்தந்தையும் வந்து சேருவார்கள். நயினாதீவு நாகபூசணி அம்மனிடம் பிள்ளைவரம் கேட்டு நேர்ந்துகொள்ளும் பெண் தனியே படகேறுவதில்லை. கூடப் போகும் தமக்கையும் மாமியும் பிறகு அந்தப் பிள்ளையில் தங்களுக்கும் ஒரு பங்கு உண்டென்று நினைப்பார்கள். இந்தச் சடங்கு ஒவ்வொன்றும், உண்மையில், பிள்ளைக்கு இன்னும் சிலரைப் பொறுப்பாக்கும் ஏற்பாடு.

மாமாவுக்கும் இதில் இடம் உண்டு. காது குத்தும்போது மடியில் வைத்திருப்பவர் அவர். தகப்பன் கொழும்பில் இருக்கும்போது பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்ப் பேர் பதிந்தவரும் அவரே.

மற்றச் சமூகங்களின் முற்றங்கள்

1950களில் பியாட்ரிஸ் வைட்டிங், ஜோன் வைட்டிங் தம்பதியின் தலைமையில் ஆய்வாளர் குழுக்கள் ஆறு ஊர்களுக்குப் போயின: கென்யாவில் ஒன்று, வட இந்தியாவில் ராஜபுத்திரர் வாழும் ஓர் ஊர், ஜப்பானின் ஒக்கினாவா, பிலிப்பைன்ஸ், மெக்சிக்கோ, அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து. தாய்மார் என்ன சொல்கிறார்கள் என்பதோடு பிள்ளைகள் நாள் முழுக்க யாரோடு, என்ன செய்கிறார்கள் என்றும் எழுதிவைத்தார்கள். 1975இல் வந்த அவர்களுடைய நூலில் எனக்கு முக்கியமாகப் பட்ட முடிவு இது: வீட்டு வேலையில் கைகொடுத்து, தம்பி தங்கையைத் தூக்கி வளர்த்த பிள்ளைகள் மற்றவர்களிடம் அதிகப் பரிவோடு நடந்தார்கள். வேலையே இல்லாமல் தன் படிப்பை மட்டும் பார்த்த பிள்ளைகள் தங்களைக் கவனிக்கச் சொல்லி அதிகம் கேட்டார்கள். இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு கிணற்றடியில் நிற்கும் தீவகத்து அக்காவை நினைத்துக்கொண்டுதான் அந்தப் பக்கங்களைப் படித்தேன்.

கொங்கோவின் இத்தூரிக் காட்டில் வாழும் எஃபே மக்களிடம் பிறந்த குழந்தை கைக்குக் கை மாறும். பெற்றவள் அல்லாத பெண்களும் பால் கொடுப்பார்கள். மத்திய ஆபிரிக்காவின் அக்கா மக்களிடம் தகப்பன் நாளின் பாதிக்குச் சற்றுக் குறைந்த நேரம் குழந்தைக்குக் கையெட்டும் தூரத்திலேயே இருக்கிறான் என்று பாரி ஹியூலெட் பதிவு செய்தார். தான்சானியாவின் ஹட்சா மக்களோடு வேலை செய்த கிறிஸ்டன் ஹோக்ஸ், பாட்டி தோண்டிவரும் கிழங்கே பால்குடி மறந்த பேரப்பிள்ளையைக் காப்பாற்றுகிறது என்று காட்டினார். இவற்றையெல்லாம் சேர்த்து சாரா பிளாஃபர் ஹர்டி 2009இல் எழுதிய ‘மதர்ஸ் அண்ட் அதர்ஸ்’ என்ற நூலின் வாதம் துணிச்சலானது. மனிதக் குழந்தை தாய் ஒருத்தியால் வளர்க்கப்பட முடியாத அளவுக்குச் செலவு பிடிக்கும் குழந்தை. பலர் சேர்ந்து வளர்த்ததால்தான் நாம் ஓர் இனமாகப் பிழைத்தோம் என்கிறார். நான் அதை நம்புகிறேன். தீவகத்து வளவுகளும் அதற்குச் சாட்சி சொல்லும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்கள் நம்மை ஆண்ட ஒல்லாந்தரின் வழித்தோன்றல்கள். அந்த ஒல்லாந்தரே வேலணைக்கு லைடன், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், காரைநகருக்கு அம்ஸ்ரர்டாம் என்று தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டியவர்கள். நெடுந்தீவில் மட்டும் டெல்ஃப்ட் என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1990களில் சாரா ஹார்க்னஸ், சார்ள்ஸ் சூப்பர் இருவரும் நெதர்லாந்துத் தாய்மாரை ஆராய்ந்தபோது ஓய்வு, ஒழுங்கு, சுத்தம் என்ற மூன்றும் அவர்களுடைய மந்திரமாக இருந்தன. குழந்தைக்குத் தனித் தொட்டில், குறித்த நேரத்துக்கு உறக்கம். ஆறு மாதத்தில் அந்தக் குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிட நாளுக்கு இரண்டு மணித்தியாலம் கூடத் தூங்கின. அவர்களும் நல்ல பிள்ளைகளையே வளர்க்கிறார்கள். அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பாயில் தூங்குவதும், தனித் தொட்டிலில் தூங்குவதும் பிள்ளையைக் கெடுத்துவிடாது. சண்டை பிடிக்க வேண்டிய இடம் அதுவல்ல என்பது என் எண்ணம்.

அன்பைக் காட்டும் விதம் இன்னொன்று. மார்கரெட் ட்ராவிக் தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தோடு வாழ்ந்து 1990இல் எழுதிய நூலில், தமிழ்த் தாய் அன்பை மறைக்கிறாள் என்று அவதானித்தார். ஆசையோடு பார்த்தால் கண்பட்டுவிடும். பிள்ளை தன்னுடையது என்று உரிமை கொண்டாடுவது வளர்ந்தவர்களுக்கு அழகல்ல. கென்யாவின் குசி மக்களிடமும் தாய்மார் பிள்ளையைப் புகழமாட்டார்கள் என்று ரொபேர்ட் லெவைன் எழுதினார். ஊர்காவற்றுறையில் குழந்தையை “வடிவாயிருக்கு” என்று யாராவது சொல்லிவிட்டால் அன்று பின்னேரமே செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து நாவூறு கழித்துவிடுவார்கள். அதே வாய்தான் “என்ர குஞ்சு, என்ர ராசா” என்று நாள் முழுக்கக் கொஞ்சும். தாய் மறைப்பதை மற்றவர்கள் கொட்டித் தீர்ப்பார்கள். கொஞ்ச ஒருவர், கண்டிக்க ஒருவர், ஒளித்து இனிப்புக் கொடுக்க ஒருவர் என்று வேலை பிரிந்திருந்தது. ஒரே ஆள் இவ்வளவையும் செய்ய வேண்டி வந்தால் அந்தத் தாய் களைத்துப்போவாள்.

பழையதில் வேண்டாதவை

எல்லாவற்றையும் தூக்கிப்பிடிக்க முடியாது. பெற்றவுடன் சுரக்கும் மஞ்சள் பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடும் வழக்கம் இருந்தது. பிரசவ வலியில் துடிப்பவளைக் கொத்திப் பேய் பிடித்ததாகச் சொல்லிக் காலம் கடத்தியதும் உண்டு. 1946இல் இலங்கையில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 141 குழந்தைகள் ஒரு வயதைக் காணவில்லை. இன்று அது பத்துக்கும் கீழே. அந்த மாற்றத்தைச் செய்தவர்களில் முதலிடம் வீடு வீடாகப் போன மருத்துவ மாதுக்களுக்கு. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறை, காலப்போக்கில் தீவுகளுக்கும் வந்தது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதில் இலங்கைத் தாய்மார் உலகில் முன்வரிசையில் இருக்கிறார்கள் என்றால், கிளினிக்கில் பிள்ளையை நிறுத்து, அட்டையில் புள்ளி வைத்து, திரிபோஷா பைக்கற்றைக் கையில் கொடுத்து, கண்டிக்க வேண்டிய இடத்தில் மாமியாரையும் கண்டித்த அந்தப் பெண்களே காரணம். அவர்களும் முற்றத்துக்கு வந்த ஆக்கள்தான்.

அடுத்தது அடி. அடியாத மாடு படியாது என்று சொல்லிச் சொல்லியே பூவரசங் கம்பை முறித்தவர்கள் நாங்கள். வீட்டில் அடி, பள்ளிக்கூடத்தில் அடி, ரியூசனில் அடி. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பத்து வயதுப் பிள்ளையை விடிய நாலு மணிக்கு எழுப்பி அடித்துப் படிப்பிப்பதைப் பெருமையாகச் சொல்லும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடங்களில் அடிக்கக்கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டது. ஆசிரியரிடம் அறை வாங்கிக் கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனின் வழக்கில், அது அவனுடைய அடிப்படை உரிமையை மீறியது என்று 2021 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்பு ஒரு வாய்ப்பாவது இருந்தது: தாய் அடித்தால் பிள்ளை அம்மம்மாவின் பின்னால் ஒளியும், அம்மம்மா கம்பைப் பறித்து எறிவா. இப்போது அறைக்கதவை மூடிக்கொண்டு அடிக்கிறார்கள், ஒளிய இடமில்லை. பிள்ளையை அடிப்பதற்கு எந்த மரபும் நியாயமாகாது.

முற்றம் கலைந்தது

1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கைக்குழந்தையும் அதில் அடக்கம். தீவகத்துத் தாய்மாருக்குப் படகே பயமாகிப்போன நாள் அது. 1990களின் தொடக்கத்தில் இராணுவம் தீவுகளைப் பிடித்தபோது மக்கள் பெருந்தொகையாக வெளியேறினார்கள். குடாநாட்டுக்கு, பிறகு வன்னிக்கு, இந்தியாவுக்கு, அங்கிருந்து எங்கெங்கோ. அடுத்தடுத்த வீட்டில் இருந்த அக்கா தங்கைகள் ஒருத்தி ஸ்காபுரோவிலும் ஒருத்தி சூரிச்சிலும் ஒருத்தி வவுனியாவிலும் ஆனார்கள்.

இப்படிப் பிரிவது பிள்ளையை என்ன செய்யும் என்பதை முன்பே பார்த்தவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் அன்னா ஃப்ராய்டும் டொரதி பர்லிங்கமும் குழந்தைகளைப் பராமரித்தார்கள். தாயோடு நின்ற பிள்ளை குண்டுவீச்சையும் ஓரளவு தாங்கியது, பாதுகாப்புக்காகப் பிரித்து அனுப்பப்பட்ட பிள்ளையே அதிகம் உடைந்துபோனது என்று கண்டார்கள். நம் மருத்துவர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் நோயாளிகளைப் பார்த்து எழுதியவை இதை இன்னும் விரித்துச் சொல்கின்றன. தனி மனத்தோடு சேர்த்துக் குடும்பமும் ஊரும் காயப்படுகின்றன, ஆற்ற வேண்டியதும் அங்கேதான் என்பது அவருடைய நூல்களின் அடிப்படை.

வெளிநாட்டுக் கதையில் நோர்வே எனக்கு முக்கியம். ஊர்காவற்றுறைத் துறையில் நின்று பார்த்தால் எதிரே காரைநகர். இடையில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகு ஓடுகிறது. அந்தக் காரைநகரில் 1967 அளவில் சீநோர் படகுத் தளம் வந்தது. 1956இல் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு நோர்வே போய்ச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் என்ற யாழ்ப்பாணத்தவரின் முயற்சி அது. அவர் திறந்த வழியில் 1980களில் இளைஞர்கள் படிக்கவும் பிறகு அகதிகளாகவும் போனார்கள். வடக்கே பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் தமிழர்கள் வேலை செய்தார்கள். அங்கே அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தன.

நோர்வே 1987இல் பிள்ளையை அடிப்பதை முற்றாகத் தடை செய்த நாடு. 1993இல், உலகிலேயே முதலாவதாக, தகப்பனுக்கென்று மட்டும் நாலு கிழமை பிள்ளை வளர்ப்பு விடுமுறையை ஒதுக்கிய நாடு. தன் தகப்பனை ஆண்டுக்கு இரண்டு முறை கண்ட தீவகத்து மகன், அங்கே தன் குழந்தையைத் தானே குளிப்பாட்டி, தீத்தி, பிள்ளைவண்டில் தள்ளிக்கொண்டு போனான். இது பெரிய பேறு. நாங்கள் தலைமுறைகளாகச் செய்யாததை ஒரு சட்டம் செய்தது.

ஆனால் அச்சமும் சேர்ந்தே வந்தது. 2011இல் ஸ்தவாங்கரில் ஓர் இந்தியத் தம்பதியின் இரண்டு பிள்ளைகளைச் சிறுவர் நலச் சேவை எடுத்துக்கொண்டது. கையால் ஊட்டியதும் ஒரே படுக்கையில் படுக்கவைத்ததும் தங்கள்மேல் குற்றமாகச் சொல்லப்பட்டன என்றார்கள் பெற்றோர். தமிழ் வீடுகள் நடுங்கின. நோர்வேயின் இந்தச் சேவை குடும்ப உரிமையை மீறியதாக 2019இல் வேறொரு வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே தீர்ப்பளித்தது. கையால் சோறு தீத்துவது எங்கள் உரிமை என்று தமிழர்கள் பேசுவது சரி. ஆனால் அந்தப் பேச்சில் பெரிய இழப்பு மறைந்துபோகிறது. நாலாம் மாடி வீட்டில், பனிக்காலத்தில், ஒரு தாயும் ஒரு குழந்தையும் மட்டும் பகல் முழுக்க இருப்பது நோர்வேக்காரிக்கும் கஷ்டம்தான். முற்றத்தில் வளர்ந்தவளுக்கு அது தாங்காது.

அதனால்தான் அம்மம்மாவைக் கூப்பிடுகிறார்கள். கனடா 2011இல் பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிக்கும் சுப்பர் விசா கொடுக்கத் தொடங்கியபின் பிள்ளைப்பேறு பார்க்கப் போகும் பெண்களின் பயணம் இலகுவானது. பெட்டிக்குள் சரக்குத்தூளும் கருவாடும் வைத்துக் கட்டுகிறார்கள். போன இடத்தில் அந்தப் பெண்ணுக்கு வெளியே போகத் தெரியாது, மொழி தெரியாது, பேச ஆள் இல்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் இரண்டு பிள்ளைகளோடு பத்து மணித்தியாலம். ஊரில் அவ பல கைகளில் ஒரு கை. அங்கே அவ ஒருத்தியே எல்லாக் கையும்.

ஊர்காவற்றுறையிலும் இன்று நிலைமை அதுவேதான். மகள் மத்திய கிழக்கிலோ கொழும்பிலோ வேலைக்கு நிற்கிறாள், எழுபது வயது அம்மம்மா தனியே பேரப்பிள்ளையை வளர்க்கிறா. பக்கத்து வளவுகள் பூட்டிக்கிடக்கின்றன, கிணற்றுக்குள் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. பல்லுக்கொழுக்கட்டை அவிக்கிறார்கள், பொறுக்கப் பிள்ளைகள் இல்லை. வீடியோவில் பார்க்கும் சித்திமார் கைதட்டுகிறார்கள்.

செய்யக்கூடியது இருக்கிறது. தீவகத்தின் ஊர்தோறும் சனசமூக நிலையக் கட்டடம் உண்டு. காலையில் பெரும்பாலானவை பூட்டியே கிடக்கின்றன. நோர்வேயில், வீட்டில் இருக்கும் தாயோ பாட்டியோ சிறுபிள்ளையோடு வந்திருந்து மற்றவர்களோடு நேரம் போக்கும் திறந்த பாலர் கூடங்கள் நடக்கின்றன. அதையே இங்கே செய்யலாம். ஒரு பாய், சில விளையாட்டுப் பொருட்கள், காலை எட்டிலிருந்து பதினொன்று வரை திறந்த கதவு, கிழமையில் ஒரு நாள் மருத்துவ மாது. மிகச் சிறிய கொடுப்பனவில் முன்பள்ளிகளை நடத்தும் ஆசிரியைகளுக்கு உரிய சம்பளம் கொடுத்து இதற்கும் பொறுப்பாக்கலாம். ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவுப் பிரதேச சபைகள் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். கோயில் கோபுரத்துக்கும் வரவேற்பு வளைவுக்கும் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் ஊர்ச் சங்கங்கள், ஒரு வருடப் பங்கை இதற்குத் தரட்டும். பூட்டிக்கிடக்கும் தங்கள் வளவுகளில் ஒன்றிரண்டின் திறப்பையும் சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது.